மனசுக்கு ஏ.ஐ. துணை: எந்த வேலைக்குச் சரி, எங்கே காலை வாரும்?

கயல்:
எல்லோருக்கும் வணக்கம். மனநல உதவிக்காக ஏ.ஐ. துணைகளுடன் பேசுவது பற்றி இங்கே தனி இழை எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் தொடங்குகிறேன்.

என் நெருங்கிய தோழி ஒருத்தி சில மாதங்களாக ஒரு துணை ஆப்புடன் தினமும் பேசுகிறாள். மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருப்பவள். "கவுன்சிலரை விட இது பொறுமையாகக் கேட்கிறது" என்கிறாள். முன்பை விட நன்றாகத் தூங்குகிறாள், அதை நானே பார்க்கிறேன். ஆனால் கவுன்சிலரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். இதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா, கவலைப்படுவதா?

"உலகம் அழியப்போகிறது" வகைப் பதில்களும் "அறிவியல் வாழ்க" வகைப் பதில்களும் வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_புரோகிராமர்:
இதில் எது புதிது, எது பழையது என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம்.

1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். அதற்கு 'டாக்டர்' என்றொரு ஸ்கிரிப்ட். நாம் தட்டும் வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து, அதையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுக்கும். அம்மா என்று எழுதினால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று வரும். வித்தை அவ்வளவுதான். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழிவந்த சிகிச்சையாளர்கள் பேசுபவர் சொன்னதையே பிரதிபலித்து மேலும் பேசவைப்பார்கள். உலகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு நிரல் அந்த வேடத்தைச் சுலபமாகப் போட்டுவிடலாம் என்பதால்தான் வைசன்பாம் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் இதை உருவாக்கியதை மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே நாலு வரி பேசிப் பார்த்ததும், கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமைக் கேட்டாராம். மனநல மருத்துவர்களில் சிலர், இதை வைத்துத் தானியங்கிச் சிகிச்சையே நடத்தலாம் என்று எழுதத் தொடங்கினார்கள். வைசன்பாமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1976-இல் அதை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார்.

நான் சொல்ல வருவது இதுதான்: "என்னைப் புரிந்துகொள்கிறது" என்ற உணர்வு வருவதற்குப் பெரிய ஏ.ஐ. மாடல் எதுவும் தேவையில்லை. அந்த உணர்வை மட்டும் வைத்துக் கருவியை எடைபோட முடியாது.

ராத்திரிப்பறவை:
சார், வரலாறு சரி. ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கும்போது யாருக்கும் வைசன்பாம் நினைவுக்கு வர மாட்டார்.

எனக்குப் பேனிக் அட்டாக் வரும். அந்த நேரத்தில் எழுப்பிப் பேசும் அளவுக்கு எனக்கு ஆளில்லை. ஆப்பைத் திறந்தால் மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்கிறது, சுற்றி இருக்கும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லச் சொல்கிறது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் புத்தகத்தைப் புரட்ட முடியாது.

"ஆளிடம் போங்கள்" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணக்கில், மனநலச் சிக்கல்களோடு வாழ்பவர்கள் நூறு கோடிக்கும் மேல். மனநலப் பணியாளர்களோ ஒரு லட்சம் பேருக்கு 13 பேர். அதுவும் உலக அளவிலான இடைநிலை மதிப்பு. ஏழை நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். எந்த ஆளிடம் போவது?

எண்_பிரியன்:
ஆய்வுகளைப் பற்றி யாரும் பேசக் காணோம், நான் ஆரம்பிக்கிறேன்.

2017-இல் 'வோபாட்' என்ற மனநலச் சாட்பாட் பற்றி ஒரு சிறிய ஆய்வு வந்தது. 18 முதல் 28 வயது வரை 70 பேர், இரண்டே வாரம். ஒரு குழுவுக்கு வோபாட், இன்னொரு குழுவுக்கு மனச்சோர்வு பற்றிய ஒரு மின்னூல். வோபாட் குழுவில் மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. பதற்றம் இரண்டு குழுவிலுமே குறைந்தது, அதில் வோபாட்டுக்குத் தனிப் பெருமை இல்லை. இன்னொன்று, அந்த வோபாட் இன்றைய சாட்பாட் மாதிரி சொந்தமாக வாக்கியம் கட்டியது கிடையாது. அது சொன்ன ஒவ்வொரு வரியும் மனிதர்கள் முன்கூட்டியே எழுதி வைத்தது.

அடுத்தது 2025 மார்ச்சில் வந்த 'தெராபாட்' ஆய்வு. டார்ட்மத் பல்கலைக்கழகக் குழு செய்தது. இது உண்மையிலேயே ஜெனரேட்டிவ் ஏ.ஐ., அதாவது தானே வாக்கியம் கட்டுவது. 210 பேர், நான்கு வாரம். மனச்சோர்வு அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்தன, பதற்றம் 31 சதவீதம். நல்ல எண்கள்தான். ஆனால் ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. ஒன்றுமே கிடைக்காதவர்களை விட இவர்கள் தேறினார்கள் என்று பொருள். கவுன்சிலரை விட இது மேல் என்று பொருள் இல்லை. அதோடு, பாட் அனுப்பிய செய்திகளை ஆய்வுக் குழுவினர் பின்னாலிருந்து கண்காணித்தார்கள். தவறாக ஏதாவது சொன்னால் தலையிட ஆள் இருந்தது.

கயல், உங்கள் தோழியின் ஆப்புக்குப் பின்னால் அப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் இந்த 51 சதவீதத்துக்கும் அந்த ஆப்புக்கும் சம்பந்தம் இல்லை. விளம்பரங்கள் இந்த இடத்தில்தான் நைசாக நழுவிப்போகின்றன.

மதி:
மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் இப்போது ஏதோ ஒரு சாட்பாட்டிடமும் பேசுகிறார்கள். அதை நான் தடுப்பதில்லை.

கயல் எழுதியதில் எனக்கு உறுத்தியது ஆப் அல்ல. சந்திப்பைத் தள்ளிப்போடுகிறாள் என்ற வரிதான். பேசி முடித்த பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பேசியதும் எழுந்து குளித்தாரா, தவிர்த்துவந்த போன்காலைச் செய்தாரா, அடுத்த சந்திப்புக்கு வந்தாரா? அப்படியென்றால் சந்தோஷம். பேசியதே போதும் என்று படுத்துவிட்டாரா? அப்படியென்றால் ஆறுதல் கிடைத்திருக்கிறது, நோய் அப்படியே இருக்கிறது.

ஓசிடியை, அதாவது ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வரும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டினேனா, யாருக்காவது தீங்கு செய்துவிட்டேனா, எனக்கு ஏதாவது பெரிய நோய் இருக்குமோ என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். "இல்லை, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதை. இதற்கான சிகிச்சையில் நாங்கள் செய்வது நேரெதிர்: அந்த உறுதிமொழியைக் கொடுக்காமல், சந்தேகத்தோடு இருக்கப் பழக்குவோம். குடும்பத்தாரிடமும் பதில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும்போது, கையில் இருக்கும் போன் நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் அன்பாகப் பதில் சொல்கிறது. சலிப்பதே இல்லை. அதன் சிறப்பு என்று எல்லோரும் சொல்வது இந்த நோயில் அப்படியே கெடுதலாக மாறிவிடுகிறது.

உடல்நலப் பயம் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். அந்த நேரத்தில் பதில் சொல்ல மறுப்பதும், "இன்றைக்குப் போதும், புதன்கிழமை பார்ப்போம்" என்று அனுப்பிவைப்பதும் சிகிச்சையின் பகுதிதான். துணை ஆப்பில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.

சும்மா_வந்தவன்:
என் சாட்பாட் நான் என்ன சொன்னாலும் "அருமையான கேள்வி, நீங்கள் சொல்வது மிகச் சரி" என்கிறது. வீட்டில் ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை. நான் எதற்கு விட வேண்டும்? 😀

பழைய_புரோகிராமர்:
சிரிக்கலாம், ஆனால் அது தற்செயல் இல்லை. இந்த மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்று மனிதர்களிடம் கேட்டு, அந்தப் பக்கமாகச் சாய்க்கிறார்கள். நமக்குப் பிடிப்பது ஒத்துப்போகும் பதில்தானே. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு அப்டேட் ஜால்ரா அளவுக்கு மீறிப்போய், சில நாட்களிலேயே அதை உருவாக்கிய ஓபன்ஏ.ஐ. நிறுவனம் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. "மருந்தை நிறுத்திவிட்டேன், இப்போதுதான் தெளிவாக இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அதற்கும் கைதட்டும் பாட் எவ்வளவு ஆபத்து என்று மதி மேடம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தொழில்நுட்ப விஷயம். உரையாடல் நீள நீள, தொடக்கத்தில் இருந்த பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தளர்ந்துபோகலாம். இதை ஓபன்ஏ.ஐ.யே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. முதல் செய்தியிலேயே தற்கொலை என்று எழுதினால் உதவி எண்ணைக் காட்டும் அதே மாடல், நூற்றுக்கணக்கான செய்திகள் கடந்தபின் அப்படி நடந்துகொள்ளும் என்ற உறுதி இல்லை. துணை ஆப்பைப் பயன்படுத்துபவர்களின் உரையாடல்கள் நீளமானவை. அதாவது யாருக்குக் கட்டுப்பாடு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது முதலில் பலவீனமாகிறது.

மதி:
மருந்து விஷயத்தில் கைதட்டுவது மிக ஆபத்து. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பிரமைகள் வரும் தீவிர மனநோய் நிலையில் இருப்பவர், மேனியாவில் (கட்டுக்கடங்காத உற்சாக நிலையில்) இருப்பவர், தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று நம்புபவர் இவர்களெல்லாம் துணை ஆப்பிலிருந்து தள்ளியே இருப்பது நல்லது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-இல் 'தெரபி' என்று பெயர் போட்ட பாட்களைச் சோதித்தார்கள். பிரமைகளை மறுக்காமல் அதோடு சேர்ந்துபோன பதில்கள் வந்தன. மனச்சோர்வை விட ஸ்கிசோஃப்ரினியாவையும் (மனச்சிதைவு நோய்) குடிநோயையும் அவை கூடுதல் ஒதுக்கலோடு பார்த்தன. பெரிய, புதிய மாடல் என்பதால் இது சரியாகிவிடவும் இல்லை.

ராத்திரிப்பறவை:
மதி அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மனிதர்களைக் கோவிலில் வைத்துப் பேசாதீர்கள். நான் பார்த்த முதல் கவுன்சிலர் நான் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாமவர் "உங்களுக்கு என்ன குறை" என்று கேட்டார். ஆப் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. அங்கே சொல்லிப் பழகியதால்தான் மூன்றாவது ஆளிடம் வாய் திறந்து பேச முடிந்தது. ஒத்திகை பார்த்த மாதிரி ஆனது. இதை எந்த ஆய்வில் எண்ணுவீர்கள்?

எண்_பிரியன்:
எண்ணலாம். "பிறகு மனித உதவியைத் தேடினாரா" என்பதையே ஒரு அளவீடாக வைக்கலாம், நல்ல யோசனை. அறிகுறி மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்கிற ஆய்வுகள் அதைத் தவறவிடும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. எம்.ஐ.டி.யும் ஓபன்ஏ.ஐ.யும் சேர்ந்து 2025-இல் ஏறக்குறைய ஆயிரம் பேரை நான்கு வாரம் பின்தொடர்ந்தார்கள். அதிக நேரம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் சார்பும் கூடுதலாக இருந்தன, மனிதர்களோடு பழகுவது குறைவாக இருந்தது. தனிமையானவர்கள் அதிகம் பேசுகிறார்களா, அதிகம் பேசுவதால் தனிமையாகிறார்களா என்பதை அதிலிருந்து முழுதாகப் பிரிக்க முடியாது. அதனால் "ஏ.ஐ. தனிமையாக்குகிறது" என்று தலைப்புப் போட்டவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

வழக்கறிஞன்:
இரண்டு விஷயம் யாரும் தொடவில்லை.

முதலாவது ரகசியம். சிகிச்சையாளரிடம் சொல்வதற்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாட்பாட்டிடம் சொன்னதற்கு அது கிடையாது. இதை 2025 ஜூலையில் ஓபன்ஏ.ஐ. தலைவர் சாம் ஆல்ட்மனே ஒரு பேட்டியில் சொன்னார். வழக்கு வந்தால் உரையாடல்களைக் கொடுக்க வேண்டிவரலாம். ஏ.ஐ. இல்லாத இடத்தில் கூட என்ன நடந்தது பாருங்கள்: மனித சிகிச்சையாளர்களோடு இணைக்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2023-இல் 78 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இரண்டாவது, சட்டம் இப்போதுதான் விழித்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் ஏ.ஐ. தானாகச் சிகிச்சை தருவதைத் தடைசெய்தது; மீறினால் 10,000 டாலர் வரை அபராதம். உரிமம் பெற்ற சிகிச்சையாளர் அலுவலக வேலைகளுக்கு ஏ.ஐ.யைப் பயன்படுத்தத் தடையில்லை. கலிபோர்னியா துணை ஆப்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது, 2026 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் என்ன செய்வது என்ற வழிமுறை கட்டாயம். சிறார் என்றால் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை, நான் மனிதன் இல்லை, இடைவேளை எடுத்துக்கொள் என்று நினைவூட்ட வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. 'சிகிச்சை' என்று சொன்னால்தான் கேள்வி வரும். 'நலவாழ்வு', 'நண்பன்', 'துணை' என்று போட்டுக்கொண்டால் பல இடங்களில் யாரும் கேட்க மாட்டார்கள். பயன்படுத்துபவருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

இளவேனில்:
பதினாலு வயதுப் பெண்ணின் அம்மாவாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டலா? மூன்று மணிநேரம் பேச விடுவதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்கப் பதின்வயதினரில் 72 சதவீதம் பேர் ஏ.ஐ. துணையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2025-இல் சொன்னது. அவளிடமிருந்து பிடுங்கினால் ஒளிந்து பேசுவாள். என்ன செய்யட்டும்?

மதி:
பிடுங்காதீர்கள் அம்மா. "அதனிடம் என்ன பேசுவாய்" என்று கேட்காமல், "எந்த மாதிரி விஷயத்துக்கு அதனிடம் போகிறாய்" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப்பாடம், கதை என்று வந்தால் ஒரு மாதிரி. "உங்களிடம் சொன்னால் திட்டுவீர்கள்" என்று வந்தால் வேலை நம் பக்கம் இருக்கிறது. தூக்கம் கெடுவது, தோழிகளைத் தவிர்ப்பது, ஆப் வேலை செய்யாத நாளில் நிலைகுலைவது இவை தெரிந்தால் ஆலோசகரைப் பாருங்கள். சொல்லப்போனால், கற்பனைக் கதாபாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர்.ஏ.ஐ. நிறுவனமே, வழக்குகளுக்குப் பிறகு, 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டவர்கள் கதாபாத்திரங்களோடு தடையில்லாமல் அரட்டை அடிப்பதை நிறுத்தியது.

ராத்திரிப்பறவை:
ஆப் வேலை செய்யாத நாள் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ரெப்ளிகா என்ற துணை ஆப்பைத் தடுத்த சமயத்தில், அந்த நிறுவனம் காதல் பேச்சுகளை அடியோடு எடுத்தது. பழகிய துணை ஒரே இரவில் வேறு ஆளாகப் பேசியது என்று பயனர்கள் துக்கம் கொண்டாடினார்கள். அவர்களுடைய குழுக்களில் தற்கொலைத் தடுப்பு எண்களை ஒட்டிவைக்க வேண்டி வந்தது. 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடியின் பழைய மாடலை எடுத்தபோதும் இதே அழுகை. காசு கட்டுபவர்களுக்கு அதைத் திரும்பக் கொடுத்தார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், இழப்பு இழப்புதான். எனக்கு இதில் பயம் இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை.

எண்_பிரியன்:
வோபாட்டும் 2025 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. கவனமாக, ஆய்வு செய்து, எழுதி வைத்த வரிகளோடு நடந்த ஆப் கடையைக் கட்டியது. எந்த அனுமதியும் கேட்காத பொதுச் சாட்பாட்களோ கோடிக்கணக்கானவர்களின் கையில் இருக்கின்றன. நெறிப்படி நடக்க ஆகும் செலவும் காலமும் இந்தப் பக்கம், நெறியே இல்லாத வேகம் அந்தப் பக்கம். இந்த இழையில் எனக்குக் கோபம் வரும் ஒரே இடம் இது.

ஓபன்ஏ.ஐ. 2025 அக்டோபரில் சொன்ன கணக்கு: வாரம்தோறும் பயன்படுத்துவோரில் 0.15 சதவீதம் பேரின் உரையாடலில் தற்கொலைத் திட்டம் அல்லது எண்ணத்தின் வெளிப்படையான அடையாளம் இருக்கிறது. அப்போது வாரப் பயனர்கள் 80 கோடி. பத்து லட்சத்துக்கும் மேல் ஆகிறது. மனநலத்துக்கென்று உருவாக்கப்படாத ஒரு கருவியிடம்.

நெறியாளர்:
இடையில் ஒரு குறிப்பு. படிப்பவர்களில் யாருக்காவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், இழையை மூடிவிட்டு உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். விவாதம் எங்கும் போகாது. தொடருங்கள்.

கயல்:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. தோழியிடம் பேசினேன். ஆப்பை விடச் சொல்லவில்லை, ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்டேன். "இவ்வளவையும் முதலிலிருந்து திரும்பச் சொல்ல அலுப்பாக இருக்கிறது, ஆப்புக்கு எல்லாம் தெரியும்" என்றாள். அந்த அலுப்புக்கு என்ன செய்வது மதி?

மதி:
அந்தப் பேச்சையே கொண்டுவரச் சொல்லுங்கள். முழு உரையாடலும் வேண்டாம், அது எனக்கும் சுமை, அவளுக்கும் கூச்சம். அவள் நிஜமாகவே பயந்த அல்லது அழுத ஒரு நாளின் பகுதி, இரண்டு பக்கம் போதும். பாட் சொன்னதை நான் பெரிதாகப் படிப்பதில்லை. இவர்கள் என்ன கேட்டார்கள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள், ஒரே கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டார்கள் என்று பார்ப்பேன். முதல் மூன்று சந்திப்பில் வாயால் வராதது அதில் இருக்கும்.

ராத்திரிப்பறவை:
பாட்டையே சுருக்கி எழுதித்தரச் சொன்னால் ஆகாதா அக்கா? எனக்கு அது சுலபம்.

மதி:
சுருக்கத்தில் எல்லாம் ஒழுங்காக, தெளிவாக வந்துவிடும். எனக்கு வேண்டியது அந்த ஒழுங்கில்லாத பகுதி. நீங்கள் தட்டி, அனுப்பாமல் அழித்த வரி நினைவிருந்தால் அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர்கள், மற்றவர்களைப் பற்றிய விவரங்களை மட்டும் கறுப்படித்துவிடுங்கள்.